ஏழாவது மாடியில் நெஞ்சுவலி

'நல்ல வீடு கொடுத்தாச்சு, இன்னும் என்ன குறை?' சென்னையில் ஆற்றங்கரைக் குடிசைகளை அகற்றும் பேச்சு எழும்போதெல்லாம் இந்தக் கேள்வியும் கூடவே வந்துவிடுகிறது. இந்த வாரமும் வந்தது. கேட்டவர்கள், குடிசை மக்களைக் கொண்டுபோய்க் குடிவைத்த பெரும்பாக்கம் அடுக்குமாடிக்குப் போய், லிப்ட் நின்றுபோன நாளில் ஏழாவது மாடிவரை ஏறிப் பார்க்கட்டும்.

அந்த மாடியில் ஒரு பெரியவருக்கு நடுராத்திரியில் நெஞ்சுவலி வந்தால்? நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேர் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டும். 108 ஆம்புலன்ஸ் வாசலில் வந்து நிற்கும். பெரியவர் இன்னும் மூன்றாவது மாடியில் இருப்பார். நிறைமாதக் கர்ப்பிணிக்கும் அதே படிக்கட்டுதான். முட்டிவலிக்காரப் பாட்டி இறங்குவதையே விட்டுவிடுகிறார். நடக்காத உடம்பில் சர்க்கரை ஏறாமல் என்ன செய்யும்? லிப்ட் பழுதைப் பராமரிப்புக் கோப்பில் போட்டு மூடாதீர்கள். அது உயிர்ப் பிரச்னை.

2000-ல் கண்ணகி நகர், சுனாமிக்குப் பின் செம்மஞ்சேரி, 2015 வெள்ளத்துக்குப் பின் பெரும்பாக்கம் என்று குடிசை மக்களை அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று சொல்லிக் குடிவைத்தது எங்கே? பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டிய தாழ்நிலத்தில்! போனவர்களில் பெரும்பாலோர் தலித் மக்கள். ஊருக்கு வெளியே சேரி என்ற பழைய கொடுமையைத்தான் கான்கிரீட்டில் கட்டியிருக்கிறோம்.

நகருக்குள் இருந்தபோது ராயப்பேட்டை போன்ற ஆஸ்பத்திரிகளுக்கு நடந்தே போய்வந்தவர்கள் இவர்களில் பலர். வீட்டுவேலை செய்யும் பெண்ணுக்கு இப்போது ஆஸ்பத்திரி என்றால் ஒருநாள் கூலி போச்சு. பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, சரி. போன கூலியை யார் தருவது? 'அடுத்த மாசம் பாத்துக்கலாம்' என்கிறார். அப்படித் தள்ளிப்போட்ட ரத்தக்கொதிப்புதான் பக்கவாதமாகவும் சிறுநீரகப் பழுதாகவும் வந்து நிற்கிறது. 'மக்களைத் தேடி மருத்துவம்' மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிறது. நல்ல திட்டம். ஆனால், மாரடைப்புக்கு மாத்திரை போதாது.

1970-ல் குடிசை மாற்று வாரியம் பிறந்தபோது குடிசை இருந்த இடத்திலேயே மாடிவீடு கட்டித் தந்தார்கள். இன்று நகருக்குள் இடமில்லை என்கிறார்கள். கிண்டி குதிரைப் பந்தய மைதானத்தின் 160 ஏக்கர் 2024-ல் அரசின் கைக்கு வந்ததே! அங்கே பூங்கா வேண்டும், குளமும் வேண்டும். ஆனால், அந்த நிலத்தில் பத்து ஏக்கரை ஏழைகளின் வீட்டுக்கு ஒதுக்கினால் என்ன குறைந்துவிடும்?

அதுவரை, ஒவ்வொரு லிப்டும் இரவுபகல் ஓட வேண்டும். 24 மணி நேரமும் மாரடைப்புக்கும் பிரசவத்துக்கும் சிகிச்சை தரும் அரசு ஆஸ்பத்திரி, அந்த மக்கள் நடந்துபோகும் தூரத்தில் இருக்க வேண்டும். இதற்கு நிதி ஒதுக்காமல் இனி ஒரு குடிசையையும் தொடாதீர்கள்.