களத்துமேட்டுக் கேள்விகள்: மகளை வி.ஏ.ஓ. தேர்வுக்குப் படிக்க வைக்கலாமா?

'ஒன்றரை ஏக்கரில் நெல் போடுகிறேன். மகன் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளி. மகள் டிகிரி முடித்துவிட்டு, வி.ஏ.ஓ. ஆகவேண்டும் என்று குரூப்-4 தேர்வுக்குப் படிக்கிறாள். சொந்தக்காரர்களோ, "பட்டாவே ஆன்லைன்ல வருது, இனிமே வி.ஏ.ஓ. எதுக்கு? கவர்மென்ட் வேலையெல்லாம் காண்ட்ராக்ட் ஆயிடும். போனாலும் லஞ்சம் வாங்காம இருக்க விடமாட்டாங்க" என்கிறார்கள். பட்டா மாற்ற நடையாய் நடந்த எனக்கும் அரசு அலுவலகம் என்றாலே கசப்பு. மகளைப் படிக்கச் சொல்லவா, அண்ணனோடு கம்பெனி பஸ்ஸில் ஏற்றிவிடவா?'

- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், வாலாஜாபாத்

முதலில் அந்தக் கசப்பைப் பேசிவிடுவோம். எனக்கும் உண்டு. அப்பா தவறிய பிறகு நிலத்தை எங்கள் பெயருக்கு மாற்ற எட்டு மாதம் அலைந்தேன். போகும்போதெல்லாம் ஒரு தாள் குறைந்தது. குறைந்தது தாள் இல்லை என்று புரிய எனக்குத்தான் நாளாகியது. அதனால், 'அரசு ஊழியர் எல்லாம் தியாகிகள்' என்று உங்களிடம் சொல்லப்போவதில்லை.

ஆனால், நம் அப்பா தாத்தா காலத்தையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். கர்ணம், மணியக்காரர் வேலைகள் பெரும்பாலும் ஒரே குடும்பத்தின் கையில் இருந்தன. பரம்பரை உரிமை சட்டப்படி செல்லாது என்று ஆன பிறகும், பல ஊர்களில் நடைமுறை மாறவில்லை. கணக்கு நோட்டு அவர் வீட்டுப் பெட்டியில் இருக்கும். அடங்கலில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்க, எங்கள் அப்பா ஒரு பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு போய், திண்ணைக்குக் கீழே நிற்பார். மேலே ஏறி உட்காரச் சொன்னதாக எனக்கு நினைவில்லை. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு அவசரச் சட்டம் போட்டு, சுமார் 23,000 பகுதிநேர கிராம அலுவலர் பதவிகளை ஒழித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1982-ல் அரசு செய்தது சரி என்று தீர்ப்பானது. அதற்குப் பிறகு வந்தவர்தான் இன்றைய வி.ஏ.ஓ. தேர்வு எழுதி, இட ஒதுக்கீட்டில் தேறி, எந்தச் சாதியிலிருந்தும், எந்தக் குடிசையிலிருந்தும் வரலாம். பெண்ணும் வரலாம். எங்கள் அப்பா ஏறாத திண்ணை எங்கே, உங்கள் மகள் உட்காரப்போகும் நாற்காலி எங்கே! சம்பளம், பென்ஷன் பேச்செல்லாம் எனக்கு அதற்கு அப்புறம்தான்.

இனி ஆன்லைன். சிட்டா, அ-பதிவேடு எல்லாம் கைப்பேசியிலேயே பார்க்க முடிவது பெரிய நன்மைதான். பூசணிக்காய் மிச்சம். ஆனால், கம்ப்யூட்டர் காட்டுவது அதில் யாரோ ஏற்றியதை. புயலில் பயிர் சாய்ந்தால், 33 சதவிகிதத்துக்கு மேல் சேதம் இருந்தால்தான் நிவாரணம். அந்த 33-ஐ வரப்பில் இறங்கிப் பார்த்துத்தான் எழுத முடியும். கொள்முதல் நிலையத்தில் நெல் போட, பயிர்க்கடன் வாங்க, இன்ஷூரன்ஸ் கட்ட எல்லாவற்றுக்கும் அடங்கல் வேண்டும். உட்கார்ந்த இடத்திலேயே போன வருஷத்து அடங்கலைப் பார்த்து எழுதினால், நெல் போட்டவர் நிலம் 'தரிசு' ஆகிவிடும். உங்கள் பக்கத்தில் இந்த ஒரு சொல்லின் விலை இன்னும் அதிகம். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்று தொழிற்சாலைகள் வந்த பிறகு சென்ட் கணக்கில் நிலம் கைமாறும் பகுதி அது. நாளை ஒரு திட்டத்துக்கு நிலம் எடுத்தால், யாருக்கு இழப்பீடு என்பது பதிவேட்டில் உள்ள பெயரிலிருந்துதான் தொடங்கும். ஏரிப் புறம்போக்கு எது, வாய்க்கால் எது என்று எல்லைக்கல்லைக் காட்டிச் சொல்ல ஓர் ஆள் ஊரில் இருந்தே ஆகவேண்டும்.

கம்பெனி வேலையை நான் குறைத்துப் பேசவில்லை. உங்கள் மகனின் உழைப்பில்தான் பாதி வீடு ஓடுகிறது என்று தெரிகிறது. ஆனால், 2014 நவம்பரில் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை நின்றது. 2022-ல் மறைமலைநகர் ஃபோர்டு ஆலை நின்றது. லாபம் இல்லை என்றால் கம்பெனி கிளம்பும். அது அதன் இயல்பு. 'ஏன் போகிறாய்?' என்று கேட்கும் சட்டம் உங்கள் கையில் இல்லை. வி.ஏ.ஓ. அலுவலகம் கிளம்ப முடியாது. 'என் மனு ஏன் நிற்கிறது?' என்று 10 ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதிப் போட்டால், 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும்.

உங்கள் பக்கத்தில் ஜனநாயகம் என்றாலே உத்திரமேரூர் குடவோலைக் கல்வெட்டைச் சொல்வார்கள். பெருமைதான். அந்தச் சபையில் நிலமும் வேதப் படிப்பும் உள்ள பிராமணர்களுக்கு மட்டுமே இடம் என்பதை மேடையில் யாரும் சொல்வதில்லை. எனக்கு அதைவிடப் பிடித்தது திருமுக்கூடல் கல்வெட்டு. பழைய சீவரத்துக்கு எதிர்க்கரை, பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடம். அங்கே வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில், 11-ம் நூற்றாண்டில் வீரராஜேந்திர சோழன் காலத்தில் வெட்டியது. 15 படுக்கைகள் கொண்ட ஒரு மருத்துவமனைக்கு வைத்தியர், அறுவை செய்பவர், மூலிகை கொண்டுவருபவர், நோயாளியைக் கவனிக்கும் பெண்கள் என்று ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு எத்தனை கலம் நெல், எத்தனை காசு என்று அதில் இருக்கிறது. வருமானம் வயலைக்காவூர் என்ற கிராமத்திலிருந்து. அதாவது, வைத்தியர் வாங்கிய நெல் யாரோ ஒரு குடியானவர் அறுத்த நெல். அதைச் சுவரிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். இன்றைக்கும் தகவல் உரிமைச் சட்டத்தின் 4-வது பிரிவு, ஒவ்வோர் அலுவலரின் கடமையையும் மாதச் சம்பளத்தையும் யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்கிறது. எத்தனை அலுவலகச் சுவரில் அதைப் பார்த்திருக்கிறீர்கள்?

எல்லாம் காண்ட்ராக்ட் ஆகிவிடும் என்று உங்கள் சொந்தக்காரர்கள் பயப்படுவதில் அர்த்தம் இருக்கிறது. தூய்மைப் பணி, கம்ப்யூட்டர் பதிவு, ஆஸ்பத்திரி வேலை என்று ஒவ்வொன்றாகத் தொகுப்பூதியத்துக்கும் ஏஜென்சிக்கும் போய்க்கொண்டுதான் இருக்கிறது. பணிப் பாதுகாப்பை நாம் ஊழியருக்குக் கிடைக்கும் சலுகை என்றே நினைக்கிறோம். லஞ்சம் வாங்குபவரும் அதன் நிழலில்தான் ஒளிந்துகொள்கிறார், மறுக்கவில்லை. ஆனால், 11 மாத ஒப்பந்தத்தில் இருப்பவரிடம் ஊர்ப் பெரிய கை வந்து, 'இந்தப் புறம்போக்கை என் பேருல எழுது' என்றால், அவர் எதை நம்பி முடியாது என்பார்? முடியாது என்று சொல்லத்தான் அந்தப் பாதுகாப்பு. அது உங்களுக்கும் எனக்கும் சேர்த்துக் கொடுத்தது.

அப்படிச் சொன்ன ஒருவரை நாம் மறந்துவிடக் கூடாது. தூத்துக்குடி மாவட்டம் முறப்பநாட்டில் வி.ஏ.ஓ.வாக இருந்தவர் லூர்து பிரான்சிஸ். தாமிரபரணியில் மணல் திருடியவர் மீது போலீஸில் புகார் கொடுத்தார். 2023 ஏப்ரல் 25-ம் தேதி, பட்டப்பகலில், அவருடைய அலுவலகத்துக்குள்ளேயே வெட்டிக் கொன்றார்கள். அந்த ஆண்டே குற்றவாளிகள் இருவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. ஆற்றில் மணல் போனால் கிணற்றில் தண்ணீர் போகும் என்பதை பாலாற்றங்கரைக்காரரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு தகப்பனுக்கு இதை எழுதும்போது கை தயங்குகிறது. மகளை அனுப்பும் முன் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். அப்படிப்பட்டவர் தனியாள் ஆகாமல் இருப்பது ஊர் கையில்தான் இருக்கிறது. புகார் கொடுத்த வி.ஏ.ஓ.வுக்குப் பின்னால் கிராம சபையில் ஐம்பது பேர் எழுந்து நின்றால், அடுத்தவன் அரிவாளை எடுக்க யோசிப்பான். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு கிராம சபை. நீங்கள் கடைசியாக எதற்குப் போனீர்கள்? நூறு நாள் வேலைக் கையெழுத்துக்குப் போனதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பரந்தூர் விமான நிலையத்துக்கு எதிராக ஏகனாபுரத்துக்காரர்கள் கிராம சபையில் திரும்பத் திரும்பத் தீர்மானம் போட்டார்கள். அந்தத் திட்டம் வேண்டுமா வேண்டாமா என்பதில் உங்கள் கருத்து எதுவாகவும் இருக்கட்டும். ஊர் சொன்னது எழுத்தில் ஏறியிருக்கிறது.

ஆக, மகள் படிக்கட்டும். ஆனால், இரண்டு தேர்வு என்று ஒரு கெடு வையுங்கள். லட்சக்கணக்கானவர்கள் எழுதும் தேர்வு அது. ஐந்தாறு வருஷத்தைக் கோச்சிங் சென்டரில் தொலைத்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். கிடைக்காவிட்டால் கம்பெனி பஸ் எங்கேயும் ஓடிப்போகாது, ஓடினால் வேறு பஸ் வரும். 'வேலை வாங்கித் தர்றேன்' என்று யாராவது பணம் கேட்டால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். காசு கொடுத்து உட்கார்ந்தவர், அந்தக் காசை உங்களைப் போன்றவர்களிடம்தான் திருப்பி எடுப்பார்.

இன்னொன்று. வருஷத்துக்கு ஒரு முறை, பெரும்பாலும் மே, ஜூனில், தாலுகா அலுவலகத்தில் ஜமாபந்தி நடக்கும். கிராமக் கணக்குகள் எல்லாம் அன்று மேஜைக்கு வரும். நீங்கள் மனு கொடுக்கப் போகும்போது மகளையும் கூட்டிப் போங்கள். உங்கள் சர்வே எண்ணுக்கு அடங்கலில் என்ன பயிர் ஏறியிருக்கிறது, கிணறு இருக்கிறதா என்று அவளே கேட்டுப் படிக்கட்டும். தப்பாக இருந்தால் மனுவையும் அவளே எழுதட்டும். என்ன ஆயிற்று என்று எனக்கு ஒரு கார்டு போடுங்கள்.