மணத்தக்காளி மாதிரி இருக்கும்... ஆனால் பெல்லடோனா!

மணத்தக்காளியின் ஆங்கிலப் பெயரை கூகுளில் தட்டினால், கூடவே ஒரு விஷச்செடியின் படமும் வந்து பயமுறுத்தலாம். பதற வேண்டாம். அது பெல்லடோனா. கத்தரி, தக்காளி, மணத்தக்காளி எல்லாம் இருக்கும் அதே குடும்பம்தான், ஆனால் தூரத்துச் சொந்தம்.

வித்தியாசம் சுலபம். மணத்தக்காளி, பட்டாணி அளவில் கொத்தாகக் காய்க்கும், பூ வெள்ளை. பெல்லடோனா பழமோ செர்ரி அளவில், ஐந்து இதழ் பச்சை நட்சத்திரத்தின்மேல் தனியாக உட்கார்ந்திருக்கும். பூ மங்கலான ஊதா மணி. ஐரோப்பியக் காடுகள்தான் இதன் சொந்த ஊர். நம் காஷ்மீர்ப் பக்கம் இதன் நெருங்கிய உறவுச் செடி ஒன்று உண்டு.

பழம் லேசாக இனிக்கும் என்பதுதான் ஆபத்தே. சில பழங்கள் போதும், குழந்தையின் உயிருக்கே ஆபத்து. வாய் வறண்டு, இதயம் படபடத்து, பிதற்ற ஆரம்பித்துவிடுவார்கள். பறவைகளோ ஜாலியாகத் தின்று விதையைப் பரப்புகின்றன!

‘பெல்லடோனா’ என்றால் இத்தாலியில் ‘அழகிய பெண்’. கண்ணின் பாப்பா பெரிதாகத் தெரிய, அந்தக் காலப் பெண்கள் இதன் சாற்றைக் கண்ணில் விட்டார்களாம். அழகுக்காக என்னவெல்லாம் செய்திருக்கிறார்கள்!

1819-ல் ரூங்கே என்ற ஜெர்மன் இளைஞர், இந்தச் சாறு பூனையின் கண்ணை விரிப்பதை மகாகவி கோதேவுக்குச் செய்து காட்டினார். அசந்துபோன கோதே, ‘இதையும் ஆராய்ந்து பார்’ என்று காபிக் கொட்டைகளைக் கொடுத்தார். அதிலிருந்து ரூங்கே பிரித்தெடுத்ததுதான் காஃபின். நம் காலை காபிக்கும் இந்த விஷச்செடிக்கும் இப்படி ஒரு தொடர்பு.

செடியில் இருக்கும் அட்ரோபின்தான் இன்று உயிர் காக்கிறது. ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்து உடலுக்குள் போனால், எச்சில் வழியும், நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறும், இதயத் துடிப்பு குறையும். பெல்லடோனா செய்வதோ இதற்கு நேர் எதிர்: சுரப்பை வற்றவைத்து, இதயத்தை வேகமாக்கும். அதனால்தான் ஆஸ்பத்திரியில் அட்ரோபின் ஊசி போட்டுக்கொண்டே, நுரையீரல் தெளிகிறதா என்று டாக்டர்கள் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டபடி இருப்பார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இது இருக்கிறது.

வயல்வேலை செய்பவர்கள் வீட்டில் இருந்தால் ஒன்று சொல்லிவையுங்கள். பூச்சிமருந்து தவறி உள்ளே போய்விட்டால், வாந்தி எடுக்க வைத்து நேரத்தை வீணாக்காமல் 108-க்கு போன் செய்யுங்கள். அந்த மருந்து டப்பாவையும் கையோடு ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போங்கள். எந்த வகை என்று தெரிந்தால்தான் அட்ரோபின் தேவையா என்பதை டாக்டர் சட்டென முடிவு செய்ய முடியும்.