நோட்டீஸுக்கு உள்ள சட்டம் தொலைபேசிக் குரலுக்கு ஏன் இல்லை?



திருவண்ணாமலையில் சிறிய அச்சகம் நடத்தி வருகிறேன். ஒவ்வொரு தேர்தல் அறிவிப்புக்குப் பிறகும் அச்சக உரிமையாளர்களைக் கூட்டி, 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவை அதிகாரிகள் நினைவூட்டுவார்கள். தேர்தல் நோட்டீஸ், போஸ்டர் எதுவானாலும் அச்சிட்டவரின் பெயரும் முகவரியும், வெளியிடுபவரின் பெயரும் முகவரியும் அதில் இருந்தாக வேண்டும். வெளியிடுபவர் தாம் இன்னார் என்று உறுதிமொழி எழுதிக் கையெழுத்திட வேண்டும். அவரை நேரில் அறிந்த இரண்டு பேர் அதற்குச் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். அச்சடித்து முடித்ததும் அந்த உறுதிமொழியின் பிரதியை நோட்டீஸோடு சேர்த்து ஆட்சியருக்கு அனுப்புவது எங்கள் பொறுப்பு. தவறினால் ஆறு மாதம் வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அவசரம் என்று இரவில் வந்து நின்றவர்களையும் படிவம் இல்லாமல் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அதனால் வேலை கை நழுவிப் போனதுண்டு. ஆனாலும் அது நியாயமான சட்டம் என்றே இன்றும் சொல்வேன். ஓட்டுக் கேட்டோ ஒருவரைத் தூற்றியோ ஊருக்குள் பேச்சைப் பரப்புகிறவர் தன் பெயரைச் சொல்லியே ஆக வேண்டும்.

அதே பேச்சு காகிதத்தில் வராமல் கைபேசியில் வந்தால் இந்த நியாயம் எங்கே போகிறது என்று கேட்கவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்தின் வரைவு 2025 டிசம்பர் 19 அன்று வெளியானது. 6 கோடியே 41 லட்சமாக இருந்த தமிழக வாக்காளர் எண்ணிக்கை 5 கோடியே 43 லட்சமாகக் குறைந்தது. தம் பெயர் இருக்கிறதா, போய்விட்டதா என்று மக்கள் பதறிக்கொண்டிருந்த நேரம் அது. அந்த நேரம் பார்த்து எங்கள் தெருவில் வீடு வீடாக ஒரே மாதிரி அழைப்பு வரத் தொடங்கியது. "சார், ஓட்டர் லிஸ்ட் சம்பந்தமா பேசுறோம். உங்க வீட்ல மூணு ஓட்டு, சரிதானே?" என்று ஒரு பெண் குரல் தொடங்குகிறது. அரசு அலுவலகம் என்று நினைத்து நாம் பதில் சொல்லத் தொடங்கியதும், போன தேர்தலில் யாருக்குப் போட்டீர்கள், இந்த முறை யாருக்கு என்று கேள்வி மாறுகிறது. "எங்கிருந்தும்மா பேசுறீங்க?" என்றால் "சர்வே சார்" என்கிறார். யாருக்காக சர்வே என்றால் இணைப்பு துண்டிக்கப்படுகிறது. திரும்ப அழைத்தால் அந்த எண் போவதே இல்லை.

பக்கத்து வீட்டில் தனியாக வசிக்கும் முதிய அம்மா ஒருவர், பதில் சொல்லாவிட்டால் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்களோ என்ற பயத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். எந்தச் சின்னத்துக்குப் போட்டார் என்பதையும் சேர்த்து. வாக்குச்சாவடியில் அட்டை மறைப்புக்குள் நாம் காக்கும் ரகசியத்தை, பெயர் தெரியாத ஒரு குரல் இரண்டு நிமிடத்தில் வாங்கிக்கொண்டு போய்விட்டது. இதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

வெளியிடப்படும் வாக்காளர் பட்டியலில் பெயர், வயது, வீட்டு எண், தந்தை அல்லது கணவர் பெயர் இருக்கும். கைபேசி எண் இருக்காது. அப்படியானால் இந்த வீட்டுக்கு இந்த எண் என்று எங்கோ யாரோ பொருத்தி வைத்திருக்கிறார்கள். எந்த அலுவலகத்தின் மீதும் நான் பழி போடவில்லை. ஆனால் அழைத்தவர் யார் என்று தெரிந்தால்தானே எண் எங்கிருந்து கிடைத்தது என்று அவரைக் கேட்க முடியும்?

1909 என்ற எண்ணில் பதிவு செய்தால் தொல்லை அழைப்புகள் நின்றுவிடும் என்று சிலர் ஆறுதல் சொல்கிறார்கள். நிற்காது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் 2018இல் கொண்டுவந்த விதிகள் வணிக அழைப்புகளுக்கானவை. வங்கி, மனை விற்பனை, கல்வி, மருத்துவம், சுற்றுலா, உணவு என்று வகைவகையாகத் தடுக்க அதில் வழி உண்டு. அரசியல் என்று ஒரு வகை கிடையாது. கிரிவலப் பாதைக்குப் பக்கத்தில் மனை இருக்கிறது என்று அழைப்பவரைத் தடுக்க முடிகிறது. என் ஓட்டைக் கேட்டு அழைப்பவரைத் தடுக்க முடியவில்லை.

அழைப்பவரின் பெயரைத் திரையில் காட்டும் வசதி வந்துகொண்டிருக்கிறது, அதுவே போதும் என்று இன்னொரு சாரார் சொல்கிறார்கள். ட்ராய் இதை 2024 பிப்ரவரியில் பரிந்துரைத்தது. எல்லா இணைப்புக்கும் அது தானாகவே வர வேண்டும், வேண்டாதவர் விலகிக்கொள்ளலாம் என்று 2025 அக்டோபரில் முடிவானது. இதை எதிர்ப்பவர்களின் கவலையை நான் அலட்சியம் செய்யமாட்டேன். பௌர்ணமிக்கு வரும் பக்தர்களுக்கு வீட்டின் ஓர் அறையை வாடகைக்கு விட்டுப் பிழைக்கும் பெண்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். முன்பின் தெரியாத ஆண்களுக்கெல்லாம் அவர்கள்தான் அழைத்துப் பேச வேண்டியிருக்கிறது. அவர்களுடைய முழுப்பெயரும் ஒவ்வொரு திரையிலும் தெரிய வேண்டிய அவசியம் என்ன? கள்ளச்சாராயம் பற்றித் துப்புக் கொடுப்பவர், லஞ்சம் பற்றிப் புகார் சொல்பவர் இவர்களுக்கெல்லாம் மறைவு வேண்டும். தனிமனிதருக்கு அந்த உரிமை இருக்கட்டும். ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு ஆள் வைத்து அழைக்கும் கட்சிக்கும் அதன் ஒப்பந்த நிறுவனத்துக்கும் அந்த உரிமையில் பங்கு கேட்க எந்த நியாயமும் இல்லை.

அதோடு, திரையில் வரும் பெயர் சிம் வாங்கியபோது கொடுத்த பெயர். தினக்கூலிக்குப் பேசும் ஒரு பையனின் பெயரோ பெண்ணின் பெயரோ தெரியும். பணம் கொடுத்துப் பேச வைத்தவர் யார் என்பது தெரியாது. எங்கள் தொழில் வழக்கில் சொன்னால் அச்சிட்டவர் பெயர் மட்டும் கிடைக்கிறது, வெளியிட்டவர் பெயர் கிடைக்கவில்லை. 127ஏ பிரிவு இரண்டையும் கேட்பதற்குக் காரணமே இதுதான்.

காட்டும் எண்ணே பொய்யாகவும் இருக்கலாம். 2024 ஜனவரியில் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் உட்கட்சித் தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு, வாக்களிக்கப் போக வேண்டாம் என்று அதிபர் பைடன் குரலில் வீடுகளுக்கு அழைப்பு போனது. குரல் செயற்கை நுண்ணறிவில் செய்தது. திரையில் தெரிந்த எண், சம்பந்தமே இல்லாத ஒரு கட்சிப் பிரமுகருடையது. ஏற்பாடு செய்த அரசியல் ஆலோசகருக்கு அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையம் 60 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. அதற்கும் முன்பு, 2011இல் கனடாவின் குவெல்ஃப் தொகுதியில் வாக்குப்பதிவு நாளன்றே உங்கள் வாக்குச்சாவடி மாறிவிட்டது என்று பொய்யான பதிவுக் குரல் ஆயிரக்கணக்கான வீடுகளுக்குப் போனது. கட்சிப் பணியாளர் ஒருவர் 2014இல் சிறைத்தண்டனை பெற்றார். கனடா அந்தத் தண்டனையோடு நிற்கவில்லை. தேர்தல் காலத்தில் வாக்காளர்களை மொத்தமாக அழைக்கும் கட்சிகளும் நிறுவனங்களும் தொலைத்தொடர்பு ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று சட்டம் போட்டது.

இங்கே எந்தக் கட்சியையும் தனியாகக் குறிவைத்து நான் எழுதவில்லை. 2024 மார்ச்சில் மத்திய அரசின் 'விகசித் பாரத்' வாட்ஸ்அப் செய்திகள் தேர்தல் அறிவித்த பிறகும் வந்தபோது, அவற்றை நிறுத்தச் சொல்லித் தேர்தல் ஆணையம் உத்தரவிட்டது. 2025 ஜூலையில் தமிழக ஆளுங்கட்சியின் 'ஓரணியில் தமிழ்நாடு' உறுப்பினர் சேர்க்கைக்கு ஓடிபி அனுப்புவதற்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்தது. அதில் தலையிட உச்ச நீதிமன்றமும் மறுத்தது. டெல்லியில் ஆள்பவருக்கும் சென்னையில் ஆள்பவருக்கும் நம் கைபேசி எண்மீது ஒரே ஆசைதான்.

தேர்தல் ஆணையத்திடம் விதியே இல்லை என்றும் சொல்ல முடியாது. மொத்தக் குறுஞ்செய்திக்கும் பதிவு செய்த குரல் விளம்பரத்துக்கும் ஊடகச் சான்றளிப்புக் குழுவின் முன்அனுமதி வேண்டும். ஆனால் ஆள் வைத்துத் தொலைபேசியில் பேசுவதும், சர்வே என்ற பெயரில் பேசுவதும் அந்த வலையில் சிக்குவதில்லை. தேர்தல் அறிவிப்புக்கு முந்தைய மாதங்களில் கேட்பாரே இல்லை.

2024 ஏப்ரலில் விளம்பரப் பலகைகளிலும் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயர் இருக்க வேண்டும் என்று ஆணையம் உத்தரவிட்டது. அடுத்த அடி தொலைபேசிக்கு எடுத்து வைக்கப்பட வேண்டும். விளம்பர அழைப்புக்கு 140 வரிசை, வங்கிக்கும் அரசுக்கும் 1600 வரிசை என்று எண் ஒதுக்கத் தெரிந்தவர்களுக்கு அரசியல் அழைப்புக்கென ஒரு வரிசை ஒதுக்குவது முடியாத காரியமா? எந்தக் கட்சிக்காக, யார் செலவில் பேசுகிறோம் என்று முதல் வாக்கியத்திலேயே சொல்ல வேண்டும். சர்வே என்றாலும் அதை நடத்தச் சொன்னவர் பெயர் வேண்டும். பேசும் நிறுவனத்தின் உறுதிமொழி, நான் அனுப்புவதைப் போலவே, ஆட்சியரின் மேசைக்குப் போக வேண்டும். வேண்டாம் என்று ஒருமுறை சொன்ன எண்ணுக்கு அந்தத் தேர்தல் முடியும் வரை மறுபடி அழைக்கக் கூடாது. அழைப்புச் செலவும் வேட்பாளர் அல்லது கட்சியின் கணக்கில் ஏற வேண்டும்.

தமிழகத் தலைமைத் தேர்தல் அதிகாரி அடுத்த தேர்தல் அறிவிப்புக்கு முன்பே இதற்கு விளக்கம் தர வேண்டும். அதுவரை திருவண்ணாமலை மாவட்ட நிர்வாகம், வாக்காளர் பட்டியலுக்காக அழைக்கும் எவரும் யாருக்கு ஓட்டுப் போட்டீர்கள் என்று கேட்க மாட்டார்கள், ஓடிபியும் கேட்க மாட்டார்கள் என்று ஒலிபெருக்கி வைத்துத் தெருத்தெருவாக அறிவிக்கட்டும். சந்தேகம் வந்தால் அழைப்பைத் துண்டித்துவிட்டு 1950 என்ற எண்ணில் விசாரிக்கலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும். அந்த அறிவிப்பை நோட்டீஸாக அடித்துத் தர வேண்டுமானால் கூலி வாங்காமல் அடித்துத் தருகிறேன்.

இப்படிக்கு,
கோ. ஏ.,
அச்சக உரிமையாளர்,
தேரடித் தெரு, திருவண்ணாமலை.