ஹைபரியின் மறைமண ஒப்பந்தம்

1815 டிசம்பரில் வெளிவந்த ஜேன் ஆஸ்டினின் ‘எம்மா’ புதினத்தைக் காதற்குழப்பங்களின் நகைச்சுவையாக மட்டும் வாசிப்பது போதாது. ஹைபரி என்னும் ஆங்கிலச் சிற்றூரில் உறவுகளைச் சிக்கலாக்குவது காதலன்று, சொத்துரிமையே. தாய்மாமன் வீட்டில் வளர்ந்த பிராங்க் சர்ச்சில் அக்குடும்பச் செல்வத்துக்கு வாரிசு. மாமியின் சினத்துக்கு அஞ்சியே ஜேன் ஃபேர்ஃபாக்ஸுடன் செய்துகொண்ட மண ஒப்பந்தத்தை மறைக்கிறான். ஜேனுக்கு வந்த பியானோவை அனுப்பியவர் யாரென ஊரார் ஊகிக்கின்றனர். எம்மாவின் ஊகமும் பிழைபடுகிறது.

இதனைக் களவொழுக்கத்தோடு ஒப்பிடத் தோன்றலாம். அவ்வொப்புமை மேலோட்டமானது. களவில் மறைவு, இலக்கண மரபு ஏற்ற ஒழுக்கம். இங்கோ அது சொத்துக்காகக் கொடுக்கப்படும் விலை. அவ்விலையைக் கொடுப்பவளும் ஜேனே. பிராங்க் அவள் கண்முன்னரே எம்மாவிடம் காதல் நாடகம் ஆடுகிறான். பொருளற்ற அவளோ பிறர் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் பணிக்குச் செல்லவும் இசைகிறாள். முடிச்சை அவிழ்ப்பது காதலரின் உறுதியன்று, மாமியின் மரணம். எம்மாவுடைய தமக்கை கணவரின் அண்ணனான நைட்லிக்கு இத்தகைய தடை எதுவுமில்லை. எவரையும் சாராத நிலவுடைமையாளராதலின், மணத்துக்குப்பின் தம் மாளிகையை விட்டு எம்மாவின் தந்தை இல்லத்தில் வாழவும் அவரால் இசைய முடிகிறது.