யார் கண்ணால் சொல்வது?

அன்பு வாசகர்களுக்கு,

பொங்கல் இதழைக் காதல் கதைச் சிறப்பிதழாகக் கொண்டுவருகிறோம் என்று அறிவித்தாலும் அறிவித்தோம், தபாலிலும் வாட்ஸ்அப்பிலும் கதைகள் வந்து குவிகின்றன. பாதிக் கதைகளில் கதாநாயகி மத்தாப்பாகச் சிரிக்கிறாள். போகட்டும், சிவகாசிப் பக்கத்துக்காரர்கள் அவளை வேறு எப்படித்தான் சிரிக்க வைப்பார்கள்! ஆனால் கதைகள் இடறி விழுவது வேறோர் இடத்தில்.

திருத்தங்கலிலிருந்து ஒரு சகோதரி கதையோடு துண்டுச் சீட்டு ஒன்றும் வைத்திருந்தார். "நான் என்று எழுதுவதா, அவள் என்று எழுதுவதா? இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்துவிட்டேன். நீங்களே சொல்லுங்கள் சார்."

அவர் கதை இதுதான். பட்டாசு ஆலையில் சரம் பின்னும் பெண். அதே ஆலையில் மருந்து செலுத்தும் வேலையில் ஒருவன். உள்ளே செல்போன் கொண்டுபோகக் கூடாது. மருந்து அறையில் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. அறைக்கும் அறைக்கும் நடுவே வெறும் பொட்டல். காலையில் ஆலை பஸ்ஸில் ஒரு பார்வை, சாயங்காலம் கை கழுவும் தொட்டியருகே ஒரு பார்வை, அவ்வளவுதான். எவ்வளவு தேய்த்தும் அவன் விரலிடுக்கில் அலுமினியப் பொடியின் மினுமினுப்பு போகாமல் ஒட்டியிருப்பதை அவள் பார்க்கிறாள். படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அடுத்த வரியிலேயே, அவள் பார்ப்பதை அவனும் கவனித்து மனசுக்குள் பூரித்துப்போனான் என்று எழுதிவிட்டார். போச்சு! அவள் ராத்திரியெல்லாம் தூங்காமல் புரளவேண்டிய சந்தேகத்தை நமக்கு அரை வரியில் தீர்த்துவைத்தாயிற்று. அப்புறம் அவள் புரண்டால் நமக்கென்ன?

நானா, அவளா என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், சகோதரி. கதை சொல்கிறவளுக்கு எது தெரியாது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

இதற்குப் பாடம் கேட்க வெகுதூரம் போக வேண்டாம். இங்கிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர்வரை போனால் போதும். நாச்சியார் திருமொழியின் 143 பாசுரங்களையும், யார் பேசுகிறார், யாரிடம் பேசுகிறார் என்பதை மட்டும் கவனித்துக்கொண்டு ஒருமுறை படித்துப் பாருங்கள். ஆண்டாள் மன்மதனிடம் முறையிடுகிறாள், குயிலிடம் கெஞ்சுகிறாள், மேகத்தைத் தூது போகச் சொல்கிறாள், கல்யாணக் கனவைத் தோழியிடம் சொல்கிறாள். ஒரு பதிகம் முழுக்கப் பாஞ்சசன்யத்தோடு பேச்சு. கண்ணனின் வாய் எப்படி மணக்கும், எப்படி இனிக்கும் என்று அந்தச் சங்கைப் பிடித்துவைத்து விசாரிக்கிறாள். அவன் உதட்டில் கிடந்தது அதுதானே! எல்லோருக்கும் பொதுவானதை நீ ஒருத்தனாக உண்கிறாயே என்று அதனோடு சண்டைக்கும் போகிறாள். இத்தனைக்கும் கண்ணன் மனசில் என்ன ஓடுகிறது என்று அவளுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. அவன் மனசுக்குள் ஒரே ஒரு பாசுரம் நுழைந்திருந்தாலும் மேகத்துக்கும் குயிலுக்கும் அங்கே வேலை இருந்திருக்காது.

இன்னொன்று. இப்படி "நான், நான்" என்று உருகுகிறவள், பதிகம் முடியும் இடத்தில் சட்டென்று விலகி நின்று, இது வில்லிபுத்தூர்க் கோதை சொன்னது என்று தன்னையே மூன்றாம் ஆளாகச் சொல்வாள். பார்வையை மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. எங்கே மாற்றுகிறோம் என்று தெரிந்து மாற்ற வேண்டும்.

சங்க அகப்பாடல்களில் கவிஞர் தன் குரலில் பேசுவதே இல்லை. தலைவி, தோழி, செவிலி, தலைவன் என்று யாராவது ஒருவர் வாயால்தான் பாட்டு. சில பாடல்களில் தலைவன் வேலிக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருப்பான், சிறைப்புறம் என்பார்கள். தோழி பேசுவது தலைவியிடம், குறி வைப்பது அவனுக்கு. கல்யாணத்தைத் தள்ளிப்போடுகிறவனுக்கு இதைவிட நாசூக்காக உறைக்கும்படி யார் சொல்லிவிட முடியும்?

நம் மாவட்டத்துக்காரர் ச. தமிழ்ச்செல்வனின் 'வெயிலோடு போய்' கதையைப் பலரும் படித்திருப்பீர்கள். படிக்காதவர்கள்கூட அதை வைத்து சசி 2008இல் எடுத்த 'பூ' படத்தைப் பார்த்திருப்பீர்கள். படம் அதன் நாயகி மாரியோடேயே போகிறது. சிறுகதையோ அவளுடைய ஆத்தாளிடம் தொடங்குகிறது. கட்டிக்கொடுத்த மகள் இந்த வெயிலில் எதற்கு இப்படி ஓடிவந்து நிற்கிறாள் என்று அந்தத் தாய்க்கு விளங்கவில்லை. விளங்காத ஒருத்தியின் கண்வழியாக மாரியம்மாளை முதலில் பார்த்துவிட்டதால், தங்கராசு என்பவன் மேல் அவள் வைத்திருக்கும் பிரியம் பிறகு தெரியவரும்போது நமக்குக் கூடுதலாக வலிக்கிறது. மாரியம்மாளே "நான்" என்று தொடங்கியிருந்தால் முதல் பத்தியிலேயே எல்லாவற்றையும் கொட்டியிருப்பாள், பாவம்.

திருத்தங்கல் சகோதரிக்கு என் யோசனை ஒன்று. உங்கள் கதையில், பக்கத்தில் உட்கார்ந்து சரம் பின்னும் அக்கா ஒருத்தி வருகிறாளே, இரண்டு வரி பேசிவிட்டுக் காணாமல் போகிறவள், கதையை அவளிடம் கொடுத்துப் பாருங்கள். பின்னுகிற கணக்குக்குத்தான் கூலி. தினமும் தன்னைவிட அதிகம் பின்னுகிறவள் இந்த வாரம் குறைவாகப் பின்னுகிறாள் என்பது அந்த அக்காவுக்குத் தெரியும். ஏன் என்று தெரியாது. வீட்டில் சண்டையா, உடம்புக்கு முடியலையா, முன்பணம் வாங்கிய கவலையா என்று அவள் ஒவ்வொன்றாக யோசித்துக்கொண்டு வரட்டும். தொட்டியருகே அந்தப் பையனின் விரல்களை இவள் பார்ப்பதை, அந்த அக்கா பார்க்கட்டும். அவன் பூரித்துப்போனானா என்பதை யாருமே சொல்ல வேண்டாம்.

தீபாவளி முடிந்து ஆலைகள் அடைத்துக் கிடக்கும் நாட்களில் உங்களுக்கும் கொஞ்சம் நேரம் கிடைக்கும். மற்றவர்களும் அனுப்பிய கதையைத் திருத்த விரும்பினால் தாராளமாகத் திருத்தி அனுப்பலாம். மார்கழி முதல் வாரத்துக்குள் வந்து சேர்ந்தால் பொங்கல் இதழில் இடமுண்டு. தாளின் ஒரு பக்கம் மட்டும் எழுதுங்கள். கதையின் கடைசியில் "இது உண்மைக் கதை" என்று போடாதீர்கள். அந்தப் பையன் வீட்டிலும் நம் இதழ் வாங்கினாலும் வாங்குவார்கள்.

அன்புடன்,
ஆசிரியர்