பிரேக் மறந்தால் போச்சு

இஃப்-எல்ஸ் வரிசையைக் கண்டாலே ஸ்விட்ச்சாக மாற்று, கோடு சுத்தமாகிவிடும் என்கிறது ஒரு கட்சி. பார்வைக்குச் சுத்தம்தான். உள்ளே?

பிஎச்பி 7-இல் ஸ்விட்ச்சுக்குள் 0 என்ற எண் போனால், 'அட்மின்' என்ற கேஸோடும் பொருந்திவிடும். ஒப்பீடு அவ்வளவு தளர்வு. காவலாளி முகம் பார்க்காமலே கதவைத் திறந்த கதை. ஜாவாஸ்கிரிப்ட்டில் நேர்மாறு: படிவத்திலிருந்து வரும் '1' எழுத்துச்சரம், எண்ணாக எழுதிய கேஸ் 1 அதைத் தொடவே தொடாது. டிஃபால்ட்டும் இல்லையென்றால் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும்.

பிரேக் விட்டுப்போனாலோ சொல்லவே வேண்டாம், அடுத்த கேஸும் சேர்ந்தே ஓடும்.

குறையே இல்லாததற்கு மாற்று எதற்கு? 2020 நவம்பரில் வந்த பிஎச்பி 8, மேட்ச்சைக் கொண்டுவந்தது: கறாரான ஒப்பீடு, பிரேக் தேவையில்லை, எதுவும் பொருந்தாவிட்டால் பிழையை வீசும். ஒரு சொல்லுக்கு ஒரு மதிப்பு தேடுவது மட்டும்தான் வேலை என்றால் அதுகூட வேண்டாம்; ஓர் அரே போதும்.