நடு நிசியில் ஒரு துறைமுகம்

பின்லாந்தின் தலைநகரமான ஹெல்ஸிங்கியிலிருந்து ஸ்வீடனின் தலைநகரமான ஸ்டாக்ஹோமுக்கு ஆகாய விமானத்தில் சென்றால் ஒரு மணி நேரப் பிரயாணந்தான். அப்படியிருந்தும், மாலையில் கப்பலேறி மறுநாள் காலையில் கரை சேருகிறவர்கள் ஏராளமானவர்கள். அக்கப்பல்களை மிதக்கும் பட்டணங்கள் என்றே சொல்லலாம். 1990-ம் வருஷத்தில் பின்லாந்தின் துர்க்கு நகரில் கட்டி முடித்த 'ஸில்யா ஸெரினேட்' என்னும் கப்பலில் 2,800 பேருக்கு மேல் ஏறலாம். கப்பலின் நடுவே நீண்ட கடைவீதி. இரு புறமும் போஜன சாலைகள். கீழ்த்தட்டில் மோட்டார் வண்டிகளும் லாரிகளும். பனிக் காலத்தில் கடல் உறைந்தாலும் பனிக்கட்டியைப் பிளந்துகொண்டு போவதற்கேற்ற உறுதியான அடிப்பாகம்.

இத்தகைய ராட்சசக் கப்பல், பிரயாணிகள் பாதிப் பேர் உறங்கும் நடு நிசியில், மாரியஹாம் என்னும் சிறு துறைமுகத்தில் சற்றே நின்றுவிட்டுப் புறப்படுகிறது. ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் சொற்பம். பின் எதற்காக நிற்கிறது? இந்தக் கேள்விக்கு விடை சொல்லச் சரித்திரத்தைச் சிறிது புரட்ட வேண்டும்.

மாரியஹாம், ஓலாந்து தீவுகளின் தலைநகரம். தீவுகளின் ஜனத்தொகை இன்று சுமார் 30,000. இவர்களுடைய பாஷை ஸ்வீடிஷ். ஆனால் இவர்கள் பின்லாந்தின் பிரஜைகள். 1809-ல் ரஷ்யா பின்லாந்தை ஸ்வீடனிடமிருந்து பறித்துக்கொண்டபோது இத்தீவுகளும் கூடவே போயின. 1917-ல் பின்லாந்து சுதந்திரம் அடைந்ததும், "எங்களை ஸ்வீடனுடன் சேர்த்துவிடுங்கள்" என்று தீவினர் கேட்டார்கள். வழக்கு சர்வதேச சங்கத்துக்குப் போயிற்று. 1921-ல் தீர்ப்புக் கிடைத்தது: தீவுகள் பின்லாந்துக்கே உரியவை, ஆனால் தீவினரின் பாஷைக்கும் வழக்கங்களுக்கும் நிலத்துக்கும் பின்லாந்து காவலாக இருக்க வேண்டும். மறு வருஷமே அவர்களுடைய சட்டசபை கூடிற்று.

1995-ல் பின்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தபோதும் அந்த வாக்கு மறக்கப்படவில்லை. தீவினரிடம் தனியே வோட்டு எடுக்கப்பட்டது. ஓலாந்து சேர்ந்தது, ஆனால் ஒன்றியத்தின் விற்பனை வரி எல்லைக்கு வெளியே நின்றது. இதன் பலன் 1999-ல் தெரிந்தது. அவ்வருஷம் ஜூலை மாதம் முதல், ஒன்றியத்து நாடுகளுக்கிடையே ஓடும் கப்பல்களில் வரியில்லாமல் சாமான் விற்பது நின்றுபோயிற்று. ஓலாந்தைத் தொட்டுச் செல்லும் கப்பல்களுக்கு விலக்கு உண்டு. நடு நிசித் தங்கலின் ரகசியம் இதுவே!

கப்பல் கடையில் அதிகம் விற்பது என்னவென்று நேயர்கள் ஊகித்திருப்பார்கள். ஸ்வீடனிலும் பின்லாந்திலும் மதுவுக்கு வரி கடுமை. ஊருக்குள் வரி போட்டு மதுவை அடக்குகிற சர்க்கார்கள் நடுக்கடலில் கண்ணை மூடிக்கொள்வது நமக்கு வேடிக்கையாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அந்த லாபத்தினால்தான் டிக்கட் மலிவாயிருக்கிறது. டிக்கட் மலிவாயிருப்பதனால்தான் கப்பல் நாள் தவறாமல் வருகிறது.

அது வராவிட்டால் என்ன ஆகும் என்பதை 2020-ல் பார்த்தோம். கொள்ளை நோயினால் பிரயாணிகள் நின்றார்கள், வருமானமும் நின்றது. கடல் வழியே வரும் உணவும் மருந்தும் தடைப்படலாகாது என்று பின்லாந்து சர்க்கார் பொதுப் பணம் கொடுத்துக் கப்பல்களை ஓட்டச் செய்தது. கேளிக்கைக் கப்பல் என்று நாம் எண்ணுவது தீவினருக்கு ஜீவநாடி.

சலுகையில் கஷ்டமும் உண்டு. வரி எல்லைக்கு வெளியே இருப்பதால், பின்லாந்திலிருந்து வரும் சாதாரணச் சரக்குக்குக்கூடத் தீவு வியாபாரிகள் சுங்கக் காகிதம் எழுத வேண்டியிருக்கிறது. இருந்தும் விலக்கை அவர்கள் விடத் தயாராயில்லை.

முப்பதினாயிரம் பேருக்காக ஒரு பெரிய ஒன்றியம் தன் வரிச் சட்டத்தை வளைத்தது நியாயமா என்று கேட்பவர்கள் கேட்கலாம். நியாயமே என்பது நம் அபிப்பிராயம். சிறு தொகையினருக்குக் கொடுத்த வாக்கு, அது அசௌகரியமாகும் போதுதான் சோதனைக்கு வருகிறது. அந்த வாக்கின் பாரத்தை மதுப் புட்டிகள் தாங்குகின்றனவே என்பதுதான் நம் குறை. கடைச் சரக்கு விலை போகாத காலம் ஒன்று வந்தாலும் கப்பல் நிற்காதபடி இரு சர்க்கார்களும் இப்போதே வழி தேடுவது நலம்.